கை வைக்கும் முன் திரும்பிய ஸ்டியரிங்

சனிக்கிழமை தோறும் வண்டிக்காரர்கள் பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டுவார்கள் இல்லையா, அந்த வண்டி வேலைக்கு வந்தால் பழத்தை அவிழ்த்து சர்பத் போட்டுக் குடிக்கிற ஆள் நான். பேய், காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால், முதலில் பிரேக் ஆயிலைப் பாருங்கள் என்பேன். தாராவியில் இருபத்தேழு வருஷமாக ஸ்டியரிங் வேலை பார்க்கிறேன், மைதீன் பாய் என்று கேட்டால் எங்கள் பக்கம் யாரும் கடையைக் காட்டுவார்கள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இனிமேல் சொல்வதைக் கேட்டுவிட்டு ஆள் கொஞ்சம் கழண்ட கேஸ் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நினைத்தாலும் பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான், அதுவும் ராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகல் மூன்று மணிக்கு.

போன வருஷம் மழை ஓய்ந்த நேரம். பேச்சியம்மாள் என்று ஒரு பெண், எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான், ஒரு பழைய பிக்கப் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். இட்லி மாவு வியாபாரம். தாராவியில் அரைத்து மாட்டுங்கா மெஸ்களுக்கும் செம்பூருக்கும் சான்பாடாவுக்கும் கொண்டுபோய்ப் போடுகிறவர்கள். வண்டியை முன்பு ஓட்டியது அவள் புருஷன் இசக்கி. அவருக்குத் தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மனுஷர் இருக்கிறார், ஆனால் சத்தம் கிடையாது, எழுந்து நடமாடத் தெம்பும் கிடையாது. ஆபரேஷனுக்கு நாள் குறித்ததுமே பக்கத்தில் உட்கார்ந்து இவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார், நல்ல மனுஷர்.

"ஸ்டியரிங் ரொம்ப ஹல்க்கா, பஞ்சு மாதிரி இருக்கு பாய். நான் கை வைக்கதுக்கு முன்னாடியே சவம் திரும்பிருது. நேத்து வாஷி பாலத்துல டிவைடர்ல ஏறப் பாத்துச்சு. எனக்குப் பயமா இருக்கு, ஆனா வண்டிய நிறுத்துனா வீட்டுல அடுப்பு எரியாது, அவியளுக்கு மருந்தும் கிடையாது" என்றாள்.

ஏற்கெனவே குர்லாவில் இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறாள். இந்திக்கார மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு வண்டியில் ஒன்றும் இல்லை, உன் கைதான் புதுசு என்று அனுப்பிவிட்டார்களாம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பொம்பளை ஓட்டினால் எல்லாப் பழுதும் அவள் கையில்தான் இருக்கும் இவர்களுக்கு.

பவர் ஸ்டியரிங் அளவுக்கு மீறி லேசாக இருந்தால் நான் பார்க்கிற வரிசை ஒன்று உண்டு. டயரில் காற்று, வீல் அலைன்மெண்ட், ஆயில், பம்பு, கடைசியில்தான் ஸ்டியரிங் பாக்ஸ். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கைத் தொடாமல் நின்று பார்க்க வேண்டும். பாக்ஸுக்குள் வால்வு கெட்டிருந்தால் அது தானாகவே ஒரு பக்கமாகச் சுற்றும், அதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை, எல்லாம் ஆயில் அழுத்தம். பத்து நிமிஷம் நின்றேன். அது அசையவே இல்லை.

சரி, கீழே இருந்து பார்ப்போம் என்று ஜாக்கியை இறக்கி, இன்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், சாவியை எடுத்தாலும் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாத பழைய வண்டி அது. பேச்சியை சீட்டில் ஏறி உட்காரச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கினேன்.

"லெஃப்ட்ல ஒடி தங்கச்சி" என்றேன். எங்கள் ஊர் டிரைவர்கள் ஸ்டியரிங்கைத் திருப்பு என்று சொல்ல மாட்டார்கள், ஒடி என்றுதான் சொல்வார்கள். சக்கரம் இரண்டும் இடது பக்கம் திரும்பின. இன்னும் கொஞ்சம் ஒடி என்றேன், திரும்பின. ரைட்டில் ஒடி என்றேன், அதுவும் ஆயிற்று. எல்லா இணைப்பும் கச்சிதமாக இருந்தது. வேலை தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டே மேலே ஏறி வந்தால், சீட்டில் ஆள் இல்லை.

பேச்சி எதிரே மருந்துக் கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஏறுவதற்குள் கடைக்காரர் கூப்பிட்டாராம், போய்விட்டாள். நம்புங்கள், நம்பாமல் போங்கள், இன்ஜின் ஓடாமல், சக்கரம் தரையில் நிற்கும்போது அந்த வண்டியின் ஸ்டியரிங்கைத் திருப்ப எனக்கே இரண்டு கை வேண்டும். கதவுப் பக்கம் நின்று இந்தியில் "லெஃப்ட் காட்" என்றேன். ஒன்றும் இல்லை. "திருப்பு" என்றேன். அதற்கும் இல்லை. அப்புறம் எனக்கே கேட்காத மாதிரி "ஒடி" என்றேன். ஸ்டியரிங் ஒரு சாண் அளவுக்குத் திரும்பி நின்றது. குர்லாக்காரர்களுக்கு ஏன் பழுது தெரியவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாம் வாயில் வந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அவள் வந்ததும், வண்டி ஓட்டும்போது ஏதாவது பேசிக்கொண்டே ஓட்டுவாயா என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"வாயே திறக்க மாட்டேன் பாய். கத்துக்குடுக்கும்போது அவியதான் கட்டுன தொண்டைய வச்சுக்கிட்டே ஒடி ஒடின்னு காது கிழியக் கத்துவாவ. இப்ப யாரு கத்துதா?"

அவளை ஓட்டச் சொல்லி, நான் பக்கத்தில் உட்கார்ந்து செம்பூர் வரை போய் வந்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. ஆனாலும் அவள் கைக்கு முன்னால் ஸ்டியரிங் திரும்பியது. ஒரு தடவை மழைத்தண்ணீர் மூடிக் கிடந்த பள்ளத்தை விட்டு விலகியது, இன்னொரு தடவை குறுக்கே வந்த ஆட்டோவை விட்டு. ஒரு தடவைகூடத் தப்பாகத் திரும்பவில்லை. பாலத்தில் என்ன நடந்தது என்று துருவிக் கேட்டேன். முன்னால் ஒரு பைக் சறுக்கி விழுந்ததாம், ஸ்டியரிங் இடது பக்கம் போயிருக்கிறது, இவள் பயத்தில் எதிர்ப் பக்கம் பிடித்து இழுத்திருக்கிறாள், அதில்தான் டிவைடர் பக்கம் போயிருக்கிறது. வண்டியோடு மல்லுக்கு நிற்காதே தாயி, கையை லேசாக வைத்துக்கொள் என்றேன். ஒரு மெக்கானிக் சொல்கிற பேச்சா இது?

அப்படியே இசக்கியைப் பார்த்துவிட்டு வருவோம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வெளியே சந்தில் வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள், வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் சந்து தெரியாது. அவர் கட்டிலில் நல்ல தூக்கத்தில் இருந்தார். உதடு மட்டும் அசைந்தது. குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது. என்ன சொல்கிறார் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உதடு நின்றதும் வெளியே இன்ஜின் நின்றது. நான் சாயா குடிக்காமலே வந்துவிட்டேன், அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இத்தனை மாதமாக அவள் சான்பாடா வரைக்கும் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினாள்.

போன வாரம் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க பாத்த வேல இப்பத்தான் பாய் பிடிச்சிருக்கு. ரெண்டு நாளா ஸ்டியரிங் நல்லாக் கனமா இருக்கு, நான் திருப்புனாத்தான் திரும்புது. அவியளும் உதட்ட அசைக்காம நிம்மதியாத் தூங்குதாவ."

ஜன்னல் வழியாகக் குனிந்து, அவளுக்குக் கேட்காமல் "ஒடி" என்றேன். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஸ்டியரிங் அசையவில்லை.

இன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ தாயி என்றேன். அவள் சிரிப்பு மாறாமல், "எதுக்கு பாய், நல்லாத்தான இருக்காவ?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.