வெட்டிய மங்குஸ்தான்

டுரியான் காலத்தில் காஜா பெராங் பக்கம் நடந்துவிட்டு வந்தால் வாசனை தலைமுடி வரைக்கும் ஏறிக்கொண்டு கூடவே வீட்டுக்கு வரும். பழத்தைத் தின்றவள் யார், தெருவில் சும்மா நடந்தவள் யார் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

வெள்ளைக்காரன் காலத்து மலாக்காவில், இங்கிலீஷ் பள்ளியின் மேல்வகுப்பில் படித்த ஒரே தமிழ் முஸ்லிம் பெண் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்த வாப்பா, யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாமல் என்னைப் படிக்க அனுப்பினார். என் வயதுப் பெண்களெல்லாம் வீட்டோடு இருக்க, எங்கள் தெருவுக்கு நான் ‘மிஸ்ஸி’ ஆகிப்போனேன். பள்ளியிலோ இடைவேளை மணி அடித்தால் யாரோடு உட்காருவதென்று தெரியாமல், குழாயடியில் கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நிற்பேன்.

காமாட்சி என் வகுப்புக்காரி, காஜா பெராங் செட்டிகள் குடியிருப்பைச் சேர்ந்தவள். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய இந்துக்கள் அவர்கள்; பெயர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய். காய்ச்சலில் இரண்டு மாதம் படுத்துவிட்டதால் பயாலஜியில் பின்தங்கிவிட்டாள். அதில் தேறினால்தான் நர்ஸ் வேலைக்குப் போக முடியும். வாரம் இரண்டு நாள் அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கும்படி டீச்சர் என்னைக் கேட்டார். உம்மா அரை மனதாகத்தான் விட்டாள்.

“போனமா, சொல்லிக்குடுத்தமா, வந்தமான்னு இருக்கணும். தண்ணி குடிச்சுக்க. வேற எதையும் கையில வாங்காதே புள்ளெ.”

அந்த இரண்டு நாளுக்காகவே மற்ற ஐந்து நாளும் எனக்கு ஓடின. இலை நரம்பு, வேர் நுனி என்று நான் வரைந்து காட்ட, காமாட்சி நாக்கைக் கடித்துக்கொண்டு அப்படியே வரைவாள். உம்மா வாப்பாவுக்கு அப்புறம் என்னை ‘ஜைனம்’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

பழக்காலம் வந்தது. அடுத்த பாடம் கனியும் விதையும். வீட்டில் கிடைக்கிற பழங்களை எடுத்து வை என்று சொல்லியிருந்தேன். சொன்ன நாளில் போனால், கூடத்தில் வாழையிலைகள் விரித்து, டுரியான், ரம்புத்தான், லங்சாட், மங்குஸ்தான் என்று அழகாக அடுக்கியிருந்தது. ஆளில்லை; பின்பக்கம் யாரோ குளிக்கும் சத்தம் மட்டும். எனக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாளே என்று நினைத்தேன். அவள் வருவதற்குள் பாடத்தைத் தயார் செய்துவிடலாமென்று, பென்சில் சீவும் கத்தியால் ஒரு மங்குஸ்தானைக் குறுக்கே வெட்டினேன். அடியில் தெரியும் பூவுக்கு எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. அதைக் காட்டுவதற்காகச் சுளைகளை இலையில் வரிசையாக வைத்தேன்.

ஈரத் தலையோடு வந்த காமாட்சியின் தாய் அப்படியே நின்றுவிட்டார். அது ‘பார்ச்சு’. பழம் பழுக்கும் காலத்தில் செட்டிகள் இறந்துபோனவர்களுக்கு வைக்கும் படையல். அவர்கள் வந்து உண்ட பிறகுதான் வீட்டார் தொடுவார்கள். இந்து வீட்டுப் பெண்ணாக இருந்தால் பார்த்தவுடன் புரிந்திருக்கும். நான் கத்தி வைத்தது காமாட்சியின் அப்பாவுக்கு வைத்த இலையில். அவர் போய் ஓராண்டுகூட ஆகவில்லை.

“தாக் அப்பா, நாக்,” என்றார் அந்தத் தாய், பரவாயில்லை மகளே என்று. புது இலை விரித்தார்கள். படைக்கும்போது வெளியாள் உள்ளே இருக்கலாகாது என்பதால் முற்றத்தில் செருப்புகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சொல்லாமலே வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

மறுநாள் இடைவேளையில் காமாட்சி என்னைத் தேடிக் குழாயடிக்கு வந்தாள், கையில் இலைப் பொட்டலத்தோடு. அப்பா இலையில் இருந்த பழம், அம்மா உனக்கென்று எடுத்து வைத்தார் என்று மலாயில் சொன்னாள். படைத்ததை வீட்டு மனிதர்கள்தான் பங்கிட்டுக்கொள்வார்கள் என்றும் சொன்னாள். எதற்குச் சொல்கிறாள் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது.

“வேண்டாம், எங்க உம்மா திட்டுவாங்க,” என்றேன்.

“வெட்ட முடிஞ்சுது, திங்க முடியாதா?” என்று அவள் மலாயில் கேட்டாள். கோபம்கூட இல்லை. பொட்டலத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

இனி வராதே என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. எனக்குத்தான் போக முகமில்லை. தேர்வில் அவள் பயாலஜியில் தவறினாள். பிறகு ஜப்பான்காரன் வந்தான், ஊர் சிதறியது, காமாட்சி வீட்டார் சிங்கப்பூர் போனதாகச் சொன்னார்கள்.

போன மாதம் காஜா பெராங் போயிருந்தேன். செட்டிகளில் சில குடும்பங்கள் இருக்கின்றன, பார்ச்சும் நடக்கிறதாம். காமாட்சியின் வீடு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அவள் பெயரைச் சொன்னால் தெரிந்தவர் இல்லை. உம்மா திட்டுவாள் என்றுதான் இத்தனை காலமும் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்திருக்கிறேன். அன்று அந்தக் குழாயடியில் எங்கள் இருவரைத் தவிர யாருமே இல்லை. நான் தின்றிருந்தால் உம்மாவுக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை.