மாமி வார்த்த தண்ணீர்

எங்கள் உம்மா மைமூனா வாய்க்காரி. சைக்கிளில் வரும் மீன்காரன் செவுளைத் திறந்து காட்டும்வரை அவனை விடமாட்டார். ஆனால் லாபிர் மச்சானிடம் மட்டும் ஒரு சொல் கதைத்ததில்லை. எங்கள் ஊர் கிண்ணியாவில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வருவார். என் அக்கா ஜெமீலா ராத்தாவைக் கட்டிக்கொண்டு மச்சானும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தக் காலத்து மாமிமார் மருமகனோடு நேரே கதைக்க மாட்டார்கள். "சோறு வச்சிரிக்கெண்டு சொல்லு" என்று திரைச்சீலைக்குப் பின்னால் நின்று உம்மா ராத்தாவை ஏவுவார். பக்கத்திலேயே இருக்கும் மச்சானுக்கு அது கேட்காதாம்! எனக்குச் சிரிப்பு வரும்.

மச்சானுக்குச் சீனன்குடா எண்ணெய்க் கிடங்கில் வேலை. கல்யாணத்துக்கு அவர் கொண்டுவந்தது ஒரு பெட்டி உடுப்பும் ஒரு பூச்சட்டியும்தான். சட்டியில் தடித்த, மினுங்கும் சின்ன இலைகளோடு ஒரு செடி. பெப்பரோமியாவாம். மௌத்தாகிப்போன அவருடைய உம்மா வளர்த்தது. தாயின் நினைவாக அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

சில மாதங்களில் செடி வாடத் தொடங்கியது. இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே விழுந்தன. வெளிச்சம் போதவில்லையென்று மச்சான் அதை முற்றத்துப் பக்கம் நகர்த்தினார். சரிவரவில்லை. ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்தார். பூச்சியும் இல்லை. வேலையால் வந்ததும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் அதன் முன்னால் குந்திக்கொண்டிருப்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஒருநாள் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஒரே சேறு.

"ஆர் இதுக்குத் தண்ணி ஊத்துற?"

ராத்தா இல்லையென்றார். நானும் இல்லை.

அசர் தொழுகைக்கு நேரமானது. உம்மா முற்றத்துக்கு வந்து, கை முகம் கால் கழுவி வுழூ எடுத்தார். நாங்கள் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருக்க, கிண்டியில் மிஞ்சிய தண்ணீரை வீணாக்காமல் அப்படியே பூச்சட்டிக்குள் வார்த்தார். ஐந்து வேளையும் இதுதான் நடந்திருக்கிறது. செடி வாட வாட, தாகமென்று நினைத்து இன்னும் கூட்டி வார்த்திருக்கிறார். மருமகனோடு கதைக்க ஏலாத மனுசி, அவர் தாயின் செடியையாவது கவனிப்போம் என்று நினைத்திருக்கிறார்.

மச்சான் செடியைப் பிடுங்கினார். வேர் கறுத்து அழுகிப்போயிருந்தது. நல்ல இலைகளைக் காம்போடு வெட்டி, அடியில் ஓட்டை போட்ட பால்மாத் தகரப் பேணியில் மணலும் தென்னந்தும்புத்தூளும் கலந்து நட்டார். ஆனால் மஃரிபுத் தொழுகைக்கு உம்மா மறுபடியும் வார்ப்பாரே! ராத்தாவிடம் சொல்லி அனுப்பினால் அது குறை சொன்னதாகிவிடும். மச்சான் தயங்கித் தயங்கித் திரைச்சீலையின் முன்னால் போய் நின்றார்.

"மாமி, மண் காஞ்ச பொறகு கொஞ்சமா வார்த்தாக் காணும். கூடினா வேர் அழுகிரும்."

உள்ளிருந்து விம்மல் கேட்டது.

"ஜெமீலா, அவர்ர உம்மாட மரத்த நாந்தான் அழிச்சிட்டனெண்டு சொல்லு."

அழும்போதும் ஆள் வைத்துத்தான் கதைத்தார்.

"நல்ல இலை இரிக்கி மாமி, முளைக்கும்" என்றார் மச்சான்.

அதன்பிறகு வுழூத் தண்ணீர் முருங்கைக்குப் போனது. உம்மா தினமும் பேணி மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். வாரங்கள் போயின. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். உம்மா விடவில்லை.

ஒரு காலை மச்சான் வேலைக்குப் போகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். உம்மா பேணியை ஏந்திக்கொண்டு, திரைச்சீலையைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார். இலைக்காம்பின் அடியில் பயறளவு பச்சைக் குருத்து.

"மகன், இஞ்ச வாங்க! முளைச்சிரிக்கி, பாருங்க மகன்!"

மச்சான் செருப்பை மாட்டி முடிக்கவில்லை. குருத்தையும் பார்க்கவில்லை. உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.