வெறுங்காலில் விழுந்த சொட்டு

பழுது பார்க்க எந்த வண்டி வந்தாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே ஏறுவாள். பெருவிரலால் பிரேக்கை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அதனால் அந்தத் தெருவில் அவள் பெயரே வெறுங்கால் அக்கா என்று ஆகிவிட்டது. பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு வருடம் பிரேக் பிரிவில் இருந்தவள். "ஷூ போட்டுக்கிட்டு பிரேக் பார்க்கிறது, போர்வைக்கு மேல கை வச்சு காய்ச்சல் பார்க்கிற மாதிரி" என்பாள்.

பணிமனையை விட்டு வந்ததும் கொழுந்தனின் பட்டறையில் சேர்ந்தாள். என்ஜின் அவன் பாடு, பிரேக் அவள் பாடு. சண்டை வந்தது மின்சாரக் கார்களால்தான். தெருவில் நாலு கார் போனால் ஒன்று சத்தமில்லாமல் போகிற காலம். ஆறு மாதம் மாலை வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதித் தேறி, 'மின்சாரக் கார்களும் பார்க்கப்படும்' என்று தன் கையாலேயே ஒரு பலகை எழுதிக்கொண்டு வந்தாள். கொழுந்தன் அதைச் சுவர் பக்கம் திருப்பி டயர்களுக்குப் பின்னால் சாத்திவிட்டான்.

"அந்தக் கார்ல ஓடுற ஆரஞ்சு கரண்ட் வயரைத் தொட்டா ஆளே காலி. நமக்கு எதுக்கு அண்ணி அந்த வம்பு?"

அந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை காலை, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸின் நீலக் கார் வாசலில் வந்து நின்றது. மின்சாரக் கார். பிரேக்கை அழுத்தினால் ஒழுங்காக இறங்குகிறது. காலை எடுத்தால் மட்டும் வேண்டாவெறுப்பாகப் பாதி தூரம் ஏறி நின்றுவிடுகிறது. பின்னால் சிவப்பு விளக்கு அணைவதே இல்லை. பிரேக்கில் கால் இருப்பதாக நினைத்துக்கொண்டு வண்டி நகரவும் அடம்பிடிக்கிறது.

"கம்பெனியில ரெண்டு தடவை கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தாங்க. ஒரு கோளாறும் காட்டலை. பிரேக் மோட்டாரை முழுசா மாத்தணுமாம், அது வர ஒரு மாசம் ஆகுமாம்" என்றாள் நர்ஸ். "பதினோரு பேருக்குக் கட்டு மாத்தணும், அக்கா."

"கம்பெனிக்காரனே கையை விரிச்சுட்டான்" என்று கொழுந்தன் முணுமுணுத்தான். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தான். "சரி, மத்தியானம் வரைக்கும் பாருங்க. முடியலைன்னா இனிமே இந்தப் பேச்சே கிடையாது. அந்தப் பலகையை அறுத்து அலமாரிக்குத் தட்டு அடிச்சுடுவேன்."

"அளவு எடுத்து வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பைக் கழற்றினாள்.

உள்ளே அனலாக இருந்தது. நர்ஸ் எட்டி ஏசியைப் போட்டுவிட்டாள். அக்கா அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். ஏறும்போது மட்டும் விரலுக்கு அடியில் ஏதோ மணல் அரைபடுவது போலிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கால் மணி நேரம் இப்படியே போயிற்று. கொழுந்தன் நிஜமாகவே டேப்பை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் போனான்.

அப்போது அவள் புறங்காலில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது.

அவள் அசையவில்லை. இன்னொரு சொட்டு. டார்ச்சை வாங்கிக்கொண்டு தலையைக் கீழே கொடுத்துப் பார்த்தாள். காலால் மிதிக்கும் பிரேக் தண்டு தொங்கும் மூட்டின் மேல் ஏசித் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மூட்டைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துரு.

"ஏசித் தண்ணிக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் அண்ணி?"

"பார்த்துடலாம்."

வண்டியை அணைத்து, சின்ன பேட்டரியின் வயரைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தாள். விழித்திருக்கும் பிரேக் மோட்டார் விரலை நசுக்கிவிடும். பிறகு மோட்டாரையும் பிரேக் தண்டையும் இணைக்கும் ஊசியை உருவினாள். இப்போது தண்டு தனி, மோட்டார் தனி. தனியாகத் தொங்கும் தண்டு ஊஞ்சல் போல ஆட வேண்டும். இது விட்ட இடத்திலேயே நின்றது.

"மோட்டார் மேல பழி போட்டுட்டாங்க. கோளாறு இந்த மூட்டுலதான்."

"மூட்டு வலியா? நான் தினமும் பார்க்கிறதுதான்" என்றாள் நர்ஸ்.

துருப்பிடித்த போல்ட் ஒரு மணி நேரம் எண்ணெய் குடித்த பிறகே அசைந்தது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் வளையங்கள் இரண்டும் தேய்ந்து பிளந்திருந்தன. மணி பன்னிரண்டரை. அக்கா தன் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். அந்த அளவில் ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது கொழுந்தன் தன்னுடைய இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தான். இன்னொரு காரின் பிரேக்குக்கு வாங்கிப் பிரிக்காமல் கிடந்த வளையங்களை எடுத்து, இரண்டு தடவை அளந்தான்.

"பன்னெண்டு எம்.எம். அச்சு அசல். போல்ட்டும் அதே தரத்துல புதுசு இருக்கு."



ஒழுகியதன் காரணமும் கிடைத்தது. தண்ணீரை வெளியேற்றும் குழாய் தன் துளையிலிருந்து கழன்று கிடந்தது. "போன சர்வீஸ்லதான் ஏசி ஃபில்டர் மாத்தினாங்க, அப்பத்தான் கழண்டிருக்கும்" என்றாள் நர்ஸ். அக்கா குழாயைச் சொருகி கிளிப் மாட்டினாள். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அது வண்டிக்கு அடியில் தரையில் விழுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் பூட்டி, பேட்டரியை இணைத்து ஏறி உட்கார்ந்தாள். கொழுந்தன் பின்னால் போய் நின்றான்.

அழுத்தினாள். "எரியுது" என்றான்.

விட்டாள். தண்டு 'டக்'கென்று மேலே வந்து நின்றது.

"அணைஞ்சிடுச்சு."

இருபது தடவை. எரியுது, அணைஞ்சிடுச்சு. பத்தாவது தடவைக்குமேல் அவன் குரலில் ஒரு ராகமே வந்துவிட்டது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதன் பிறகு அக்கா நர்ஸைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பின்தெரு மேட்டில் ஏறி இறங்கி, நின்று கிளம்பி, திருப்தி ஆகும்வரை ஓட்டிப் பார்த்தாள். பட்டறை வாசலில் இறங்கி நர்ஸை அனுப்பிவிட்டுத் திரும்பினால், கொழுந்தன் ஏணி மேல் நின்றிருந்தான். வாயில் இரண்டு ஆணி. கையில் பலகை, எழுத்து தெருவைப் பார்த்தபடி.

"நேரா இருக்கா அண்ணி?"

அவள் செருப்பைத் தேடவில்லை. சுடுகிற சிமெண்டில் வெறுங்காலோடு நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"இடது பக்கம் ஒரு விரல் அளவு தூக்கு. நிரந்தரமா இருக்கப்போறது, அவசரப்படாதே."