தண்ணீர் ஏறாத நிலம் தேடி கேப்பர் மலைக்கு

என் மச்சான் ஏழுமலைக்கு அபிஷேகப்பாக்கத்தில் ஒன்றரைக் காணி நெல் நிலம். போன இரண்டு கார்த்திகையிலும் தண்ணீர் ஏறி, நட்டதெல்லாம் அழுகிப்போனது. இன்னொரு முறை ஏறினால் நிலத்தை விற்பதைத் தவிர வழியில்லை. அதற்குள் மேட்டில் ஒரு முந்திரித் தோப்பைக் குத்தகைக்குப் பிடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சித்திரை முதல் ஞாயிறு, முந்திரி உதிரும் சமயம், என் பைக்கில் கிளம்பினோம்.

காலை 6.10க்குத் தவளக்குப்பம். டீ குடிக்கலாம் என்றால் மனுஷன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. முள்ளோடையிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், மாநில எல்லை தாண்டினால் விலை கூடுதல். பெண்ணையாற்றுப் பாலத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார். ஆற்றில் வெறும் மணல்தான். அதையே முறைத்துப் பார்த்துவிட்டு, "போ மாப்ள, போ" என்றார். அந்தப் பதற்றம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

கடலூரில் கெடிலம் ஆற்றைத் தாண்டியதும் சாலை ஏறுகிறது. மலை என்றதும் பாறையைத் தேடாதீர்கள். செம்மண்ணும் சரளையும் கலந்த நீண்ட மேடு, அவ்வளவுதான். பாகூர் பக்கத்துக் களிமண்ணில் வளர்ந்த எங்களுக்கு இதுவே மலை. கேப்பர் என்பது இங்கிலீஷ்காரர் காலத்து அதிகாரி ஒருவரின் பெயராம். அப்போது எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. மேலே எங்கும் முந்திரி, இடையிடையே பலா. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம்தான் இன்று இந்த மேட்டுக்குச் சோறு போடுகிறது. கோடையில் கொட்டை பொறுக்கும் வேலை, மற்ற நாளில் உடைக்கும் வேலை.

மொத்தம் 28 கிலோமீட்டர். 7.25க்குத் தோப்பில் இருந்தோம். தோப்புக்காரர் குப்பம்மா மரத்தடியில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பழம் துன்னுங்க. கொட்டைய மட்டும் அங்கியே போட்டுடணும்" என்றார். வழிப்போக்கர் யாராக இருந்தாலும் இங்கே அதுதான் முறை. "குத்தகைக்கு மூணு துண்டு கீது. எது வோணுமோ பாத்துச் சொல்லுபா."

மச்சான் ஒரு மணி நேரம் நடந்தார். மண்ணை அள்ளினார், உதறினார், அடுத்த துண்டுக்கு ஓடினார். கடைசியில் ஒரு சரிவின் அடியில் காலியாகக் கிடந்த இடத்தில் நின்று, முகமெல்லாம் சிரிப்பாகக் கையை ஆட்டினார். "இதான் மாப்ள! மண்ணப் பாரு, இன்னா கருப்பு!"

குப்பம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அய்ய! மேல பெய்யற மழையெல்லாம் எறங்கி நிக்கற எடம்பா அது. வேரழுகி செத்த மரத்தயெல்லாம் இப்பதான் வெட்டிப் போட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். மச்சான் சிரிக்கவில்லை. கையில் இருந்த மண்ணைக் கீழே போடவும் இல்லை. "தண்ணி நிக்காத எடத்த என் கண்ணு நெலம்னே ஒத்துக்க மாட்டேங்குது மாப்ள" என்றார். ஏன் சிரித்தோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் சுற்றிப் பார்த்துவிடுங்கள். நிழல் உண்டு, குடிநீர் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் வேண்டும். பைக்கில் போய்வர 150 ரூபாய் பெட்ரோல் தாராளம். தோப்பு பிடிக்கப் போகிறவர்கள் தங்கள் கண்ணை நம்பாமல் உள்ளூர்க்காரரைக் கேளுங்கள். மச்சான் அதைத்தான் செய்தார். "நீயே ஒண்ணு காட்டும்மா" என்றார். குப்பம்மா உச்சித் துண்டைக் காட்டினார், மூன்று வருஷக் குத்தகை. கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை மச்சான் அந்த உச்சிப் பக்கம் திரும்பவே இல்லை.