கார் நிறுத்துமிடத்தில் டெல்பின் அக்கா

இல்லை, செய்தி கேட்டு உடனே அழவில்லை. அழ வசதியான நிலையில் நான் இல்லை. காரின் பின்சீட்டில் குழந்தை இருக்கையைப் பொருத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு முழங்காலை ஊன்றி, முழு எடையையும் இறக்கி, கார் பெல்ட்டை இழுத்துப் பிடித்திருந்தேன். தங்கை பெற்ற குழந்தையை அன்று நம் மருத்துவமனையிலிருந்து குழித்துறைக்குக் கொண்டுபோக வேண்டும். பதினொரு மணிக்கு வந்து சரிபார்ப்பதாகச் சொன்னவர் டெல்பின் அக்கா. போன் அடித்தது. பேசியது அக்காவின் தம்பி. விடியற்காலையில் அக்காவுக்கு நெஞ்சுவலி. முடிந்துவிட்டது.

குழந்தைகள் வார்டில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு செவிலியர் டெல்பினைத் தெரியும். பதிவேட்டுப் பிரிவில் இருக்கும் எனக்குக் கிடைத்தவர் வேறு. சாப்பாட்டு நேரத்தில், கார்களில் குழந்தை இருக்கையைச் சரிபார்க்க நிறுத்துமிடத்துக்கு ஓடுகிறவர். ஆமாம், ஓட்டம்தான். நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது. சோகமாக எழுத வரவில்லை.

வளைகுடாவிலிருந்து வந்த குழந்தை இருக்கைகள் நம் ஊர் வீடுகளில் நிறைய. பல, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வரவேற்பறையில். சில, சோறூட்டும் நாற்காலியாக. அபூர்வமாக ஒன்று காருக்குள் வந்துவிட்டால் அக்காவுக்குத் திருவிழா. ஒரு தகப்பன் பிறந்த குழந்தையை ரோட்டைப் பார்த்து உட்கார வைத்திருந்தான்.

"பிள்ள வெளிய பாத்துட்டு வரட்டும்னுதான் சிஸ்டர்."

"லைசென்ஸ் எடுத்த பொறவு பாக்கட்டு. இப்பம் முகம் பின்னால. கழுத்து வெந்த மரச்சீனிக் கிழங்கு மாதிரில்லா இருக்கு? பிரேக் போட்டா அத சீட்டுக்க சாய்வுதான் தாங்கணும்."

இன்னொரு நாள். குழந்தை துருக்கி டவலுக்குள் பந்தாகச் சுருண்டிருந்தது. அதன் மேல் இருக்கையின் வார்கள். அக்கா கேட்டார்: "கிள்ளிப் பாத்தியளா?" தாத்தா மரியாதையாக முன்னால் வந்து குழந்தையின் தொடையைக் கிள்ளினார். அலறல். தாய் தாத்தாவை முறைத்தாள். அக்கா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பிள்ளைய இல்ல பாட்டா. வாரை." டவலை எடுத்தார். வாரை இறுக்கினார். தோளருகே விரலால் கிள்ளிக் காட்டினார். மடிப்பு அகப்பட்டால் தளர்வு. அகப்படவில்லை. டவலை மேலே போர்த்தினார்.

எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். ஆரல்வாய்மொழிக் கல்யாணத்துக்கு அவளைக் காரில் மடியில் வைத்தே போய்வந்ததைப் பெருமையாகச் சொன்னேன். அக்கா என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போனார். சந்தையில் ஒரு வருக்கைச் சக்கை வாங்கினார். என்னை என் காரின் பின்சீட்டில் உட்கார்த்தி, பெல்ட் போட்டு, அந்தப் பலாப்பழத்தை மடியில் வைத்தார். "எட்டு கிலோ. ஒனக்க மவள்னு நெனச்சுப் பிடிச்சுக்கோ." காலி மைதானம். மெதுவாகத்தான் ஓட்டினார். பிரேக். முன்சீட்டின் முதுகில் மோதி, சக்கை என் காலடியில் பிளந்து கிடந்தது. திரும்பிப் பார்த்தார்.

"கை ரெண்டும் அங்கனதான் இருக்கு மக்கா. சக்கைதான் இல்ல."

ஒரு வாரம் கார் மணத்தது. மறுவாரமே இருக்கை வாங்கினேன்.

போன் வந்த அந்தக் காலையில் பெல்ட்டைப் பூட்டி, இருக்கையை அதன் அடியில் பிடித்து ஆட்டினேன். அசைவு ஓர் அங்குலம் கூட இல்லை. தங்கை குழந்தையோடு வந்தாள். பின்னால் பெரியம்மா.

"ஏட்டி, பச்சப் பிள்ளைய அனாதையாட்டு தனியாப் போடுவியா? எனக்க மடி என்னத்துக்கு இருக்கு?"

தங்கை என்னைப் பார்த்தாள். இந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் வரப்போவதில்லை. பெரியம்மாவை எதிர்த்து எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. நானும்தான்.

"வீட்டுக்குப் போயி ராத்திரி வரைக்கும் மடியில வச்சுக்கிடுங்க பெரியம்மா. வண்டியில வேண்டாம். மடிக்கு பெல்ட் கிடையாது."

"நான் வரல்ல, போ."

"சரி. பிள்ளைய இதுல வைக்காம நானும் வண்டிய எடுக்கல்ல."

சாவியைப் பையில் போட்டேன். வெயில் ஏறியது. யாரும் நகரவில்லை. கடைசியில் பெரியம்மா தானே கதவைத் திறந்து ஏறி, இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "கட்டு பாப்பம். நோகாம கட்டு."

விதிகள் இருக்கையோடு வரும் புத்தகத்தில் இருக்கின்றன. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய வெட்கமின்மையை. கேட்காதவரின் கார்க் கதவைத் திறந்து, கோபத்தை வாங்கிக்கொண்டு, சிரித்தபடி அங்கேயே நிற்பது.

குழந்தை வழியெல்லாம் தூங்கியது. குழித்துறையில் மூவரையும் இறக்கிவிட்டு, அக்காவின் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினேன்.