தையல்நாயகியின் பாட்டுப் பட்டியல்

என் தங்கை தையல்நாயகி சென்னையில் இசைக் கல்லூரியில் மூன்று வருடம் வாய்ப்பாட்டு படித்தவள். எங்கள் ஊர் திருவாமாத்தூர் சுற்று வட்டாரத்தில் ஒரு பெண் பிள்ளை பாட்டைப் படிப்பாகவே படித்தது, எனக்குத் தெரிந்து அதுதான் முதல். நான் ஒன்பதாவதோடு நின்றவன். விழுப்புரத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் சக்கரபாணி ஐயாவிடம் பதினாறு வயதில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

1981-இல் பிளஸ் டூ முடித்ததும் அவள் பாட்டு படிக்கப் போவதாகச் சொன்னாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைத்துப் பிழைக்கும் எங்கள் அப்பாவுக்கு அது விளங்கவில்லை. "பாட்டு படிச்சிட்டு இன்னா வேலைக்குப் போவா?" என்று என்னைக் கேட்டார். நான் சென்னைக்குப் போய்க் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்து ஒரு தாளில் எழுதி வந்தேன். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், வானொலிக் கலைஞர், கச்சேரி, வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, சினிமாவில் கூட்டமாகப் பாடுவது. வரிசையாகப் படிக்கத் தொடங்கினேன். அப்பா முதல் வரியிலேயே, போதும், சேர்த்துவிடு என்றார்.

அவளோடு படித்தவர்கள் பன்னிரண்டு பேர். ஜெயம் என்ற பெண் சினிமாப் பாட்டுகளுக்கு ஹம்மிங் கொடுக்கப் போனாள். தேவநாதன் என்பவர் ஒரு கோயிலில் தேவாரம் பாடச் சேர்ந்தார். மூன்று பேர் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டார்கள். தையல்நாயகி 1984-இல் முதல் வகுப்பில் தேறி, அங்கேயே தங்கி டீச்சர் டிரெய்னிங்கும் படிக்கத் தொடங்கினாள். எனக்கு ராகம் தெரியாது. ஆனால் பத்திரம் எழுத வருகிற அத்தனை பேரிடமும் என் தங்கை வாய்ப்பாட்டில் முதல் வகுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆவணியில் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு மின்வாரியத்தில் வேலை. அவர் அப்பா அரங்கநாதன் கரும்பு போடுகிறவர், நல்ல மனிதர். பேச்சு முடிகிற நேரத்தில் ஒன்று சொன்னார்.

"மேடை கீடையெல்லாம் நம்ம வூட்டுக்கு ஒத்து வராதுங்க. ரேடியோன்னா பாடட்டும். அதுல மூஞ்சி தெரியாது பாருங்க."

தங்கையிடம் இதைச் சொன்னேன். ரேடியோவுக்கு அவர்கள் வாயால் சம்மதம் சொன்னார்களா என்று இரண்டு முறை கேட்டாள். ஆமாம் என்றதும் கல்யாணத்துக்குச் சரி என்றாள். வானொலியில் தேர்வானால் கல்யாணத்துக்குப் பிறகும் பாடலாம். ஆகாவிட்டால் பாட்டு அதோடு முடிந்தது. அவளுக்கும் எனக்கும் அது தெரிந்தே இருந்தது.

பாண்டிச்சேரி வானொலி நிலையத்துக்கு நானே போய் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தேன். தீபாவளி லீவில் வந்தவள் தனக்குப் பாடத் தெரிந்த பாட்டுகளை ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். இருபத்திரண்டு பாட்டு. படிவத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் ரயிலில் கிளம்பினாள். எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். கட்சிக்காரர் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார், பிறகு நாங்கள் நிரப்புவோம்.

படிவத்தில் பாட்டு, ராகம், தாளம் என்று கட்டம் போட்டு ஒன்று முதல் நாற்பது வரை எண் கொடுத்திருந்தார்கள். பத்திரத்தில் காலி இடம் விடக் கூடாது. விட்டால் பின்னால் யாராவது ஒரு வரி சேர்த்துவிடுவார்கள், நிலமே கை மாறிப்போகும். மீதி இடத்தைக் கோடு கிழித்து அடைக்க வேண்டும், இல்லையென்றால் எழுதி நிரப்ப வேண்டும். கோடு கிழிக்கலாம் என்று ஸ்கேலை எடுத்தேன். பதினெட்டு வரிகளை ஒரே கோடாக அடித்தால், பதினெட்டு பாட்டு தெரியாது என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும் என்று பட்டது. வீட்டில் அவளுடைய கல்லூரிப் பாடத்திட்டப் புத்தகம் இருந்தது. அதிலிருந்து பதினெட்டு பாட்டுகளை எடுத்து, ராகம் தாளத்தோடு எழுதி, இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. சக்கரபாணி ஐயா பார்த்துவிட்டு, அச்சில் போட்ட மாதிரி இருக்கிறது என்றார்.

புத்தகத்தில் அச்சிட்டிருக்கிற பாட்டெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது என்றே நினைத்தேன். ஒரு ராகத்துக்கு நாலைந்து பாட்டு போட்டிருப்பார்கள், அதில் ஒன்றைத்தான் கற்பிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. படிவத்தை முழுமையாக நிரப்பி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டதாக அவளுக்கு எழுதினேன். சந்தோஷம் என்று பதில் வந்தது.

1985 மாசி மாதம் குரல் தேர்வு. அவளை நான்தான் அழைத்துப் போனேன். வாசலில் மரத்தடியில் நின்றேன். அவளுக்கு முன்னால் போன இரண்டு பெண்களும் ஆளுக்கு அரை மணி நேரம் உள்ளே இருந்தார்கள். இவள் பதினொன்று பத்துக்குப் போனாள், பதினொன்று இருபத்தைந்துக்கு வெளியே வந்தாள். சீக்கிரம் முடிந்ததே, நன்றாகப் பாடியிருப்பாள் என்று நினைத்தேன். பஸ் கிளம்பிய பிறகுதான் பேசினாள்.

"லிஸ்ட்ல எத்தினி பாட்டுண்ணா எழுதின?"

"நாப்பது. நாப்பது எடம் இருந்துச்சு."

"நான் குடுத்தது இருவத்திரண்டு."

புத்தகத்திலிருந்து எடுத்ததைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு உள்ளே நடந்ததைச் சொன்னாள். முதலில் அவள் விருப்பத்துக்கு ஒன்று பாடச் சொல்லியிருக்கிறார்கள், பாடியிருக்கிறாள். அடுத்து பட்டியலில் முப்பத்தொன்றாவது. தெரியாது என்றிருக்கிறாள். இருபத்தேழாவது. அதுவும் தெரியாது. நீங்கள் எழுதிக் கொடுத்த பட்டியல்தானே அம்மா என்று ஒருவர் கேட்டாராம். கடைசியாகக் கேட்டது ஒன்பதாவது, அவளுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு. அதற்குள் தொண்டை கட்டிக்கொண்டது.

"எங்கண்ணன் எழுதினதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

"கையெழுத்து என்னுதுண்ணா."

கண்டமங்கலத்தில் தூசி அடித்தது. ஜன்னலை இறக்கினாள்.

இருபத்திரண்டாம் நாள் கடிதம் வந்தது. தேர்வாகவில்லை, ஒரு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. நான் வானொலி நிலையத்துக்கு நடந்ததை விளக்கி ஒரு மனு எழுதி, லீவில் வந்தவளிடம் காட்டினேன். முழுவதும் படித்தாள். "எழுத்து நல்லா இருக்குதுண்ணா. அனுப்ப வேணாம்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அரங்கநாதன் விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். போகிறது விடுங்கள், பாட்டு இல்லையென்றால் சோறு இறங்காதா, வைகாசியில் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அப்போதுதான் உயிர் வந்தது. தங்கை பின்கட்டில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். போய்க் கேட்டேன். முடியாது என்றாள். காரணம் சொல்லவில்லை. எனக்குக் கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

திருவெண்ணெய்நல்லூருக்கு பஸ் ஏறிப் போய் அதைச் சொன்னவன் நான்தான். அரங்கநாதன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ரேடியோல அவங்க பெயிலாக்கினாங்க. இப்ப நீங்க எங்கள பெயிலாக்குறீங்களா தம்பி?"

சொல்லிவிட்டு உள்ளே குரல் கொடுத்து மோர் வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன். அப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அவளோடு பேசினார்.

டிரெய்னிங் முடிந்ததும், அந்த ஜூனில் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அவளுக்குப் பாட்டு டீச்சர் வேலை கிடைத்தது. இன்னொரு டீச்சரோடு சேர்ந்து ஒரு அறை எடுத்துக்கொண்டாள். வகுப்புக்கு அறுபது பெண்கள், வாரத்துக்கு ஒரு பீரியடு. பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். காலையில் பிரேயர், ஆண்டு விழா, கலெக்டர் வந்தால் வரவேற்புப் பாட்டு. சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள், திங்கள் காலை முதல் பஸ்ஸில் போவாள். வீட்டில் பாடுவதில்லை. எந்த வாரத்திலிருந்து என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த பஸ் பயணத்திலிருந்தே இல்லை.

ஒரு வருடம் முடிந்ததும் மறுபடி பாண்டிச்சேரி போய்ப் புதுப் படிவம் வாங்கி வந்து கொடுத்தேன். இருக்கட்டும் என்று வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். நிரப்பித் தரட்டுமா என்று நான் கேட்கவில்லை. அதைப் பற்றி அவளும் பிறகு பேசவில்லை.

1987 புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, கோட்டக்குப்பம் அக்பர் அலி ஒரு மனை கிரயத்துக்காக எங்களிடம் வந்தார். துபாயில் இருந்தவர், எனக்கு நான்கு வருடப் பழக்கம். உட்கார்ந்ததும் கேட்டார்.

"பாண்டுரங்கன், உங்க தங்கச்சி பேரு தையல்நாயகிதானே? காலையில ரேடியோல பாடுனாங்களே. திண்டிவனம் தையல்நாயகின்னு சொன்னாங்க. கால் மணி நேரம். என் சம்சாரம் வேலைய வுட்டுட்டு கேட்டுக்கினு இருந்தா."

ஆமாங்க, என் தங்கைதான் என்றேன். முன்பே தெரிந்தவன் மாதிரி சொன்னேன். சக்கரபாணி ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அக்பர் அலியின் மனைக்கு நான்கு எல்லைகளையும் கேட்டு எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

மறுநாள் திண்டிவனம் போனேன். மதிய இடைவேளையில் பள்ளி வராண்டாவில் டிபன் டப்பாவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் டப்பா மூடியில் பாதிச் சோற்றை எடுத்து என் பக்கம் தள்ளினாள். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, அறுபது பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேல் சத்தம் போடுகிற குரல். சித்திரையிலேயே தேர்வாகிவிட்டதாகவும், ஆடியில் போய் ரெக்கார்டு செய்துவிட்டு வந்ததாகவும், நான் கேட்கக் கேட்கச் சொன்னாள். தனியாகவே போயிருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லணும்னு தோணலண்ணா. கோவமெல்லாம் இல்ல."

கோபம் இல்லை என்பது முகத்திலும் தெரிந்தது. எனக்கும் அழுகையோ எதுவோ வரும் என்று பார்த்தேன். வரவில்லை. சாப்பிட்டேன். மணி அடித்தது. எழுந்து கை கழுவினாள்.

"அடுத்தது எப்பம்மா?"

"லெட்டர் வந்தா சொல்றேன்."

அதற்குப் பிறகு மூன்று முறை பாடியிருக்கிறாள். எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்களிடம், என் தங்கை வானொலியில் பாடுகிறாள் என்று இப்போதும் சொல்கிறேன். அவள் பாடிய நாட்களை அவர்கள்தான் எனக்குச் சொல்கிறார்கள்.