கோட்டின் மேல் ஒரு கேள்விக்குறி

கடலோரக் கிணறுகள் உப்பாவதைப் பற்றி என் மகள் சிதம்பரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். "இதில் உன் கேள்வி என்ன?" என்று ஆய்வுக்குழுவினர் கேட்டபோது, படித்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டு வந்தாள். கடலூருக்குத் திரும்பியதும், "படிப்ப விட்டுடுறேம்மா" என்றாள்.

பிறகு ஒருநாள், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வட்டங்கள் போட்டு, உள்ளே கடல், குட்டை, கிணறு என்று எழுதி, கோடுகளால் இணைத்தாள். ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு சொல் எழுதி, வட்டங்களோடு சேர்த்து வாய்விட்டுப் படித்தாள். வாக்கியமாக நின்றால்தான் அடுத்த கோடு. உப்புநீர் தேக்கும் இறால் குட்டைக்கும் ஊர்க் கிணற்றுக்கும் நடுவில் மட்டும் சொல் கிடைக்கவில்லை. அங்கே கேள்விக்குறி போட்டாள்.

"தெரியலன்னு அந்தக் குழுக்கிட்டயே காட்டப்போறியா?"

"யாருக்குமே தெரியலம்மா. அதத்தான் கண்டுபுடிக்கப் போறேன்."

குழு மறுபடி கூடியபோது நானும் கூடப் போய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து சொன்னாள்: "அந்தக் கேள்விக்குறியத்தான் கேட்டாங்க. அதையே ஆய்வு பண்ணச் சொல்லிட்டாங்கம்மா."

திரும்பும் பஸ்ஸில் அவள் தூங்கிவிட்டாள். என் மடியில் இருந்த காலண்டர் தாளைப் பார்த்துப் பக்கத்து சீட்டு அம்மா என்னவென்று கேட்டார்.

"எம்பொண்ணு போட்ட மேப்பு" என்றேன், பின்சீட்டுக்கும் கேட்கும்படி.